பெரியவருக்கும் பிள்ளைக்கும் யோகா சொல்லித்தர

யோகா ஆசிரியர் ஆவதற்கு இந்தியாவில் சட்டப்படி எந்த உரிமமும் தேவையில்லை. ஆசனங்களை ஓரளவு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவர் மொட்டை மாடியில் நாலு பாயை விரித்து, வாசலில் ஒரு பலகை மாட்டினால் போதும். ஊர் அவரை ‘யோகா மாஸ்டர்’ என்று கூப்பிடத் தொடங்கிவிடும். இந்த எளிமையால்தான் யோகா சின்ன ஊர்கள் வரை வந்து சேர்ந்தது. முழங்கால் வலியோடு வகுப்புக்குப் போனவர் இடுப்பு வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்புவதும் இதே எளிமையால்தான். தான் ஆசனம் செய்வது ஒரு திறமை. எதிரே இருப்பவரின் உடம்பைப் பார்த்து, அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று கண்டுகொள்வது முற்றிலும் வேறு திறமை. ஆசிரியர் பயிற்சி என்பது இந்த இரண்டாவதைக் கற்பது.

விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரிலிருந்து இதைக் கற்க நினைப்பவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெற்கே திருநெல்வேலியைத் தாண்டினால் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர்போன அந்த ஊரில் 1887-இல் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, மலாயாவில் பத்தாண்டுக் காலம் மருத்துவராக இருந்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-இல் அமெரிக்கா சென்று, 1969-இல் யோகா ஆசிரியர்களுக்கென்று நான்கு வார உறைவிடப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். யோகாவை ஒரு குருவின் காலடியில் ஆண்டுக்கணக்கில் இருந்துதான் கற்க முடியும் என்ற நிலையை மாற்றி, குறிப்பிட்ட பாடத்திட்டமும் கால அளவும் உள்ள படிப்பாக ஆக்கிய முயற்சிகளில் அது முன்னோடி. இன்று உலகெங்கும் நடக்கும் ஒரு மாதப் பயிற்சிகள் பெரும்பாலும் அந்தச் சாயலில் அமைந்தவைதான். அந்த மரபின் ஆசிரமம் ஒன்று சாத்தூருக்கு வடக்கே, மதுரை மாவட்டத்தில் பாலமேடு பக்கம் இருக்கிறது. பத்தமடைப் பிள்ளையின் வழிவந்த படிப்பு கடல் கடந்துபோய், மறுபடி தென் தமிழ்நாட்டுக்கே திரும்பியிருக்கிறது.

இந்த வழியில் கற்பவர் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களை முறையாகச் செய்யவும் செய்யவைக்கவும் பழகுகிறார். கூடவே பிராணாயாமம், தளர்வு, உணவு முறை, தியானம் ஆகியவையும் உண்டு. அதிகாலையில் எழுந்து தியானம், காலையும் மாலையும் ஆசன வகுப்பு, நடுவே தத்துவமும் உடற்கூறும். ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் ஒரு மாதம் ஒரு மாதம்தான். பயிற்சிக்குப் போகுமுன்பே இரண்டு மூன்று ஆண்டு அன்றாடம் செய்து பழகியவருக்கு அந்த மாதம் நிறையத் தரும். ஆசனமே புதிதாக இருப்பவருக்குச் சான்றிதழ் ஒன்றுதான் மிஞ்சும்.

வேறு வழிகளும் உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி உருவாக்கிய மனவளக்கலை, தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் பலவற்றில் மன்றங்களாக வேர்விட்டிருக்கிறது. எளியமுறை உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வு என்று படிப்படியாகக் கற்று, கடைசியில் ஆசிரியர் பயிற்சி பெற்றவரை ‘அருள்நிதி’ என்கிறார்கள். வேலையை விடாமல், வீட்டை விட்டுப் போகாமல் கற்கலாம் என்பது இதன் பெரிய வசதி. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் யோகாவில் பட்டயமும் முதுநிலைப் பட்டமும் தருகிறது. பள்ளி, கல்லூரிகளில் நிரந்தர வேலையை எதிர்பார்ப்பவருக்குப் பட்டம் உதவும்.

ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம் 2018-இல் யோகா சான்றளிப்பு வாரியத்தை அமைத்தது. அதன் முதல் மூன்று ஆசிரியர் நிலைகளுக்கு முறையே 200, 400, 800 மணி நேரப் பாடத்திட்டம். அதற்கும் மேலே உள்ள யோகா மாஸ்டர் நிலைக்கு 1600 மணி நேரம். தேர்வில் எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. செய்முறைக்கே மதிப்பெண் கூடுதல். அது நியாயமும்கூட. சிகிச்சைக்கான யோகாவுக்குத் தனி நிலைகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினையை மனதில் இருத்திக்கொள்வது நல்லது. யோகா ஆசிரியர் மருத்துவர் அல்லர். யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெறும் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அதற்கான அரசுக் கல்லூரியே உண்டு. ‘சுகருக்கு இந்த ஆசனம், பிரஷருக்கு அந்த ஆசனம், மாத்திரையை நிறுத்திவிடுங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் தன் எல்லையைத் தாண்டுகிறார்.

எந்த வழியில் படித்தாலும், பயிற்சியின் உயிர்நாடி ஒன்றுதான். அதை நவீன காலத்தில் மிகத் தெளிவாக வாழ்ந்து காட்டியவர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). மைசூர் அரண்மனையில் 1930-களில் அவர் யோகசாலை நடத்தியபோது, எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். துள்ளும் உடம்புக்கு ஏற்றபடி குதித்தும் தாவியும் ஆசனத்துக்கு ஆசனம் நகரும் வேகமான முறையைக் கற்பித்தார். இன்று உலகம் முழுக்கப் பெரியவர்கள் மூச்சிரைக்கச் செய்யும் பல பாணிகளின் வேர் அந்த வகுப்பில் இருக்கிறது. அதே மனிதர் 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு, ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, அவரவர் வயது, வேலை, நோய், மூச்சின் நீளம் பார்த்து வெவ்வேறு பயிற்சி கொடுத்தார். வளரும் வயதுக்கு உடம்பை வளர்க்கும் முறை, குடும்பம் நடத்தும் வயதுக்கு இருக்கும் வலுவைக் காக்கும் முறை, முதிய வயதுக்கு மூச்சையும் தியானத்தையும் முதன்மையாக வைக்கும் முறை என்று அவர் மரபில் பிரிவுகள் உண்டு. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இந்த வழியைத்தான் கற்பித்து வருகிறது. ஆளுக்கேற்ற யோகா என்பதை ஏதோ நவீன வசதி என்று நினைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் தொழிலின் அடிப்படையே அதுதான்.

இந்த அடிப்படையைச் சாத்தூருக்குக் கொண்டுவந்து பார்த்தால் பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத பல சங்கதிகள் தெரியும். சென்னையில் கணினி முன் நாற்காலியில் உட்கார்ந்தே பழகியவருக்கு இடுப்பும் தொடையும் இறுகியிருக்கும். சம்மணம் போடச் சொன்னாலே திணறுவார். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வகுப்புக்கு வரும் அம்மாவுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. பட்டாசு ஆலையில் தரையில் குந்தியோ காலை மடக்கியோ உட்கார்ந்து, நாள் முழுக்கக் காகிதக் குழாய் உருட்டியவர். அல்லது சரம் பின்னியவர். அல்லது வீட்டில் தீப்பெட்டி ஒட்டியவர். வெளிநாட்டார் மாதக்கணக்கில் பழகி எட்டும் மாலாசனம் அவருக்குச் சாதாரண உட்காரும் நிலை. அவருடைய இறுக்கம் வேறிடத்தில் இருக்கிறது. முதுகின் மேல்பாதி முன்னோக்கி வளைந்து, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி, கழுத்து முன்னே நீண்டிருக்கும். பெருவிரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி. இப்படிப்பட்டவருக்கு முன்பக்கம் குனியும் பச்சிமோத்தாசனத்தைத் தினமும் கொடுப்பது, ஏற்கெனவே வளைந்ததை இன்னும் வளைப்பதாகும்.

அவருக்கு வேண்டியது நெஞ்சு விரியும் ஆசனங்கள். புஜங்காசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, மூச்சை இழுத்தபடி தலையையும் நெஞ்சையும் உயர்த்த வேண்டும். பழக்கம் இல்லாதவர் கையை முழுக்க ஊன்றித் தள்ளி, முடிந்த மட்டும் உயரே போவார். பார்க்கப் பாம்பு படமெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் வளைவு முழுவதும் இடுப்பில் விழுந்திருக்கும், மேல் முதுகு அசைந்தே இருக்காது, தோள் காதோடு ஒட்டியிருக்கும். பழகிய ஆசிரியர் உடனே உயரத்தைக் குறைக்கச் சொல்வார். முழங்கையை மடக்கி விலாவோடு சேர்க்கச் சொல்வார். தோளைக் காதிலிருந்து கீழே இறக்கச் சொல்வார். உயரம் நாலு விரல்தான் இருக்கும். ஆனால் பல ஆண்டாகத் திறக்காத இடத்தில் ஓர் அசைவு வரும். அந்த அம்மாவின் முகத்தில் அது தெரியும். ஆசிரியர் பயிற்சியில் ஒருவர் கற்கும் மிக மதிப்புள்ள பாடம் இந்தக் கண்தான். அதற்கு நூறு உடம்புகளையாவது பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே துளைக் கரண்டியில் மாவைத் தேய்த்துத் தேய்த்துச் சேவு போடுபவரின் வலது தோள் இடது தோளைப் போல இருக்காது. லாரி ஓட்டுநரின் இடுப்பு வேறு. நாள் பூரா நின்று வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சியின் குதிகால் வேறு. வந்தவர் என்ன வேலை செய்கிறார், எப்படி உட்கார்ந்து செய்கிறார் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் ஆசிரியர் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடுவார்.

மூச்சைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வெடிமருந்துத் தூசியிலும் அலுமினியத் தூளிலும் வேலை செய்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளை இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நிதானமாக மூச்சை இழுத்து, அதைவிடச் சற்று நீளமாக வெளியே விடுவதே போதும். ஆலையில் காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாத குறையை எந்தப் பிராணாயாமமும் ஈடுகட்டாது. இதை மாணவரிடம் சொல்லத் தயங்காதவரே நேர்மையான ஆசிரியர்.

கேட்டு எழுத வேண்டிய மற்றவையும் உண்டு. உயர் ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருப்பவர்களைத் தலைகீழ் ஆசனங்களில் நிறுத்தக் கூடாது. குடலிறக்கம் உள்ளவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது. முதுகெலும்பு டிஸ்க் விலகியவரைக் குனியவைக்கக் கூடாது. வெறும் வயிற்றில் யோகா என்பது பொது விதி. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழலாம். வகுப்பில் ஒரு டப்பாவில் சர்க்கரையோ வெல்லமோ இருப்பது நல்லது.

சொல்லித்தரும் மொழிக்கும் பயிற்சி வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் கட்டளை சொன்னால் மாணவர் என்ன செய்வதென்று தெரியாமல் முடிவுவரை காத்திருப்பார். அதற்குள் மூச்சு முடிந்துவிடும். ‘வலது கால். பின்னால் நீட்டுங்க. மூச்சை விடுங்க’ என்று துண்டுதுண்டாகச் சொல்ல வேண்டும். எதிரே நின்று காட்டும்போது ‘வலது கை’ என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் தன் இடது கையை உயர்த்த வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போல மாணவர் பின்பற்றுவார். இது பழக ஒரு மாதமாவது ஆகும். வயதில் மூத்தவர்களை ‘அம்மா’, ‘அண்ணாச்சி’ என்றே கூப்பிட வேண்டும். அவர்கள் இருபத்தைந்து வயதுப் பெண்ணையும் ‘டீச்சர்’ என்றுதான் அழைப்பார்கள். வகுப்பில் எல்லாச் சமயத்தாரும் இருக்கும்போது தொடக்க வழிபாட்டுக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் வைத்தால் யாருக்கும் நெருடாது.

பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெரியவர் வகுப்பைச் சுருக்கி நடத்துவதல்ல. இந்த மண்ணில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அசையாதே என்று சொல்வதற்கு ஒரு வேதனையான வரலாறு உண்டு. தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து நாளெல்லாம் குச்சி அடுக்கிய காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில்தான். அப்படி உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலையில் டியூஷன், இரவில் செல்போன். அவர்களுக்கான யோகா இன்னொரு உட்காரலாக இருக்கக் கூடாது. ஓட்டமும் சிரிப்பும் அதில் வேண்டும்.

ஆசனங்களின் பெயர்களே இதற்குக் கை கொடுக்கின்றன. பாம்பு, பூனை, தவளை, ஒட்டகம், வெட்டுக்கிளி, முதலை, சிங்கம் என்று ஒரு காடே அவற்றில் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மண்டூகாசனம் என்று சொல்வதைவிட, மழை பெய்த கண்மாயில் தவளை எப்படி உட்காரும் என்று கேட்டால் உடனே உட்கார்ந்து காட்டும். தாடாசனத்துக்குச் சாலையோரப் பனைமரத்தைக் கை காட்டினால் போதும். சிங்காசனத்தில் நாக்கை நீட்டிக் கர்ஜிக்கச் சொன்னால் அடங்காத பிள்ளையும் ஈடுபடும். பிராமரியில் வண்டு போல ரீங்கரிக்கும்போது, ‘மூச்சை நீளமாக விடு’ என்று சொல்லாமலே பிள்ளையின் வெளிமூச்சு நீள்கிறது. கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தை அந்தப் பெயரில் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். தமிழ்நாட்டு வகுப்புகளில் வழங்கும் ‘சாந்தி ஆசனம்’ என்ற பெயர் அழகானது. ஐந்தாறு வயதினருக்கு மொத்தமே இருபது நிமிடம்தான் தாங்கும். எட்டு வயதுக்கு மேல் வரிசை முறை பிடிபடும். சூரிய நமஸ்காரத்தை அப்போது தொடங்கலாம்.

செய்யக் கூடாதவற்றை அறிவது இன்னும் முக்கியம். பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சி நடக்கும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. அவர்களின் மூட்டுகள் எளிதில் வளைவதால் எல்லை எது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஓர் ஆசனத்தில் வெகுநேரம் நிறுத்துவதும், சிரசாசனத்தில் கழுத்தில் பாரம் ஏற்றுவதும், மூச்சை அடக்கும் கும்பகமும் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2020 டிசம்பரில் யோகாசனம் போட்டி விளையாட்டாக அங்கீகரிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் அது இருந்தது. பதக்கம் வாங்கும் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் முதுகை ஒடித்து வளைக்கும் ஆசனத்தில் ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்திச் சாதனைச் சான்றிதழ் வாங்கத் துடிக்கும் பெற்றோருக்கு, கூடாது என்று சொல்லும் தெம்பு ஆசிரியருக்கு வேண்டும்.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையும் பயன் தருகிறது. சிவானந்தரின் இன்னொரு சீடரான சத்தியானந்தர் பீகாரின் முங்கேரில் 1960-களில் தொடங்கிய யோகப் பள்ளியில், 1995-இல் பால யோக மித்ர மண்டலம் என்ற சிறுவர் குழு உருவானது. அங்கே வகுப்பை முன்னின்று நடத்துபவர்கள் சிறுவர்களே. பத்து வயதுப் பெண் சொன்னால் ஏழு வயதுப் பையன் கேட்பான். பெரியவர் ஓரமாக நின்று கவனித்தால் போதும்.

பிள்ளைகளோடு வேலை செய்பவர், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் இடம் திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வந்து எட்டிப் பார்த்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. தொட்டுத் திருத்துவதைக் கூடியவரை தவிர்த்துச் சொல்லாலும் செய்து காட்டியும் திருத்தலாம். தொட வேண்டி வந்தால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பெரியவர்களுக்கும் இதே விதிதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

வீட்டையே பள்ளியாக்கியவர்களும் உண்டு. பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் பிறந்த நானம்மாள், சிறுவயதில் குடும்பத்தில் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு வயதைத் தாண்டியும் கோயம்புத்தூரில் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் பலர் யோகா ஆசிரியர்கள் ஆனார்கள். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019 அக்டோபரில் 99 வயதில் மறைந்தார். சேலை கட்டிக்கொண்டு அவர் ஆசனம் செய்ததைப் பார்த்து, தங்களுக்கும் இது ஆகும் என்று துணிந்த கிராமத்துப் பெண்கள் ஏராளம்.

சிறிய ஊரில் யோகாவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். பள்ளியில் வாரம் சில வகுப்பு, மாலையில் பெரியவர்களுக்கு ஒரு குழு, முதியோருக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லித்தருவது, வெளியூரில் இருப்பவர்களுக்குச் செல்போன் வழியாக ஒரு வகுப்பு என்று பல இடங்களிலிருந்து சேர்த்துத்தான் வருமானம் தேறும். முதல் ஓராண்டு வேறு வேலையையும் வைத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம். நகரத்து வழக்கமான காலை ஆறு மணி வகுப்பு இங்கே எடுபடாது. ஆலை வண்டி வருவதற்குள் சமைத்து முடித்து வாசலில் நிற்க வேண்டிய பெண்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பார்கள். வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை அதைவிட வசதி. ஐப்பசி நெருங்க நெருங்க வகுப்பில் ஆள் குறையும். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும்போது புதிதாகச் சேர வருவார்கள். புதுக் குழுவைத் தொடங்க அந்த நாட்கள் தோதானவை: வெயில் தணிந்திருக்கும், கைக்கு வேலை இருக்காது, பத்து நாள் தொடர்ந்து வந்தவர் ஆலை திறந்த பிறகும் ஞாயிறு வகுப்பை விடமாட்டார்.